காற்றுக்கு இடங்கொடாத ஹீட்டர்

ஈரோட்டில் மஞ்சள் தூளைப் பாக்கெட்டில் அடைக்கும் எந்திரத்தின் முன்னால் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். மேலிருந்து பிளாஸ்டிக் தாள் இறங்கிக் குழாயாக வளைகிறது. அளந்த தூள் அதற்குள் விழுகிறது. இரண்டு உலோகத் தாடைகள் வந்து கவ்வி விலகுகின்றன. கவ்விய இடம் ஒட்டிக்கொண்டு, பாக்கெட் அறுந்து கீழே விழுகிறது. அந்தத் தாடைகளுக்குள் சுண்டுவிரல் பருமனில் ஓர் எஃகுக் குச்சி செருகியிருக்கும். வெளியே தெரிவதெல்லாம் அதன் வாலிலிருந்து வரும் இரண்டு ஒயர்கள் மட்டும்தான். அதற்குக் கார்ட்ரிட்ஜ் ஹீட்டர் என்று பெயர். ஷிப்டின் நடுவில் அது போய்விட்டால், பல லட்ச ரூபாய் எந்திரம் அப்படியே நிற்கும்.

கொங்கு நாட்டில் இந்தக் குச்சி இல்லாத தொழிற்பேட்டை இருக்காது. பிளாஸ்டிக் மோல்டிங்கில் உருகிய பிளாஸ்டிக்கை இறுகவிடாமல் அச்சுக்குள் கொண்டு செல்லும் ஹாட் ரன்னரில் இருக்கிறது. அலுமினிய வார்ப்பு அச்சை முன்கூட்டிச் சூடாக்குகிறது. கோவைப் பொறியியல் கல்லூரிகளில் மாணவர்கள் ஓட்டும் முப்பரிமாண அச்சு எந்திரத்தின் முனையிலும் 6 மி.மீ. தடிமனும் 20 மி.மீ. நீளமுமாக ஒரு குட்டி ஹீட்டர் உட்கார்ந்திருக்கிறது.

மின்சாரத்தைச் சுழற்சியாக மாற்றிப் பேர் வாங்கிய ஊர் கோவை. 1932-ல் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் இறங்கியதும் மில்கள் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பிறகு பம்பும் வெட் கிரைண்டரும் இந்த ஊரின் அடையாளமாகவே ஆகிப்போயின. அதே மின்சாரத்தைச் சூடாக மாற்றும் வேலையைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசியதில்லை. கம்பியில் கரண்ட் விட்டால் சூடாகப் போகிறது, இதில் என்ன வித்தை இருக்கிறது என்ற நினைப்புதான் காரணமாக இருக்க வேண்டும். வித்தை இருக்கிறது. அது சூட்டை உண்டாக்குவதில் இல்லை, உண்டான சூட்டைக் கம்பியிலிருந்து வெளியேற்றுவதில் இருக்கிறது.

மோட்டாருக்குத் திறன் என்று ஒரு கணக்கு உண்டு. உள்ளே போகும் மின்சாரத்தில் ஒரு பகுதி வீணாகச் சூடாகிப் போகும். ஹீட்டரில் அந்தப் பேச்சே கிடையாது. உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிவிடும். 400 வாட் போனால் 400 வாட் வெப்பம் வந்தே தீரும். அந்த வெப்பம் இரும்புக்குள் இறங்க வழி இருந்தால், கம்பி தாங்கக்கூடிய சூட்டில் நிதானமாக இருக்கும். வழி அடைபட்டாலும் கம்பி வெப்பத்தை உண்டாக்குவதை நிறுத்தாது. எந்தச் சூட்டில் அந்த 400 வாட்டை எப்படியாவது வெளியே தள்ள முடியுமோ, அந்தச் சூடு வரும்வரை ஏறிக்கொண்டே போகும். அதற்குள் கம்பியே உருகிவிட்டால் கதை முடிந்தது. வீட்டில் வாளித் தண்ணீரைச் சூடாக்கும் ராடு ஹீட்டரைத் தண்ணீருக்கு வெளியே போட்டுவிட்டால் சற்று நேரத்தில் சிவந்து போய்விடுவது இதனால்தான். தண்ணீருக்குள் அதற்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. வெளியே இருப்பது காற்று. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம்.

கார்ட்ரிட்ஜ் ஹீட்டரின் வடிவமைப்பு முழுவதையும் இந்தக் காற்றோடு நடக்கும் போராட்டம் என்றே சொல்லிவிடலாம்.

கம்பியிலிருந்து தொடங்குவோம். 1906-ல் அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். நிக்ரோம் என்று இன்று நாம் அழைப்பது அதைத்தான். அதற்கு முன்பு சூடேற்றும் கம்பிகள் காற்றில் துருவேறிச் சீக்கிரமே அறுந்துபோயின. 80 பங்கு நிக்கலும் 20 பங்கு குரோமியமும் சேர்ந்த கம்பி சூடானதும் அதன் மேல் குரோமியம் ஆக்சைடு மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலம் உள்ளே இருக்கும் உலோகத்தை ஆக்சிஜனிடமிருந்து காக்கிறது. எங்காவது விரிசல் விட்டால் புதிதாகப் படிந்து அடைத்துக்கொள்ளவும் செய்கிறது. நிக்ரோம் உருகுவதற்குச் சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் வேண்டும். மின்தடையோ செம்பைப் போல அறுபது மடங்குக்கு மேல். அதனால் குறைந்த நீளக் கம்பியிலேயே போதிய தடையை வாங்கிவிடலாம்.

இந்தக் கம்பி எஃகு உறையில் பட்டால் ஷார்ட் ஆகும். நடுவில் ஒரு பொருள் வேண்டும். அது மின்சாரத்தைத் தடுக்க வேண்டும், வெப்பத்தை மட்டும் விட வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்யும் பொருள்கள் உலகத்தில் குறைவு. மெக்னீசியம் ஆக்சைடு அந்தக் குறைந்த சிலவற்றில் ஒன்று, விலையும் கட்டுப்படியாகும். 2,800 டிகிரி வரை உருகாது. அதன் தாய்க்கல்லான மேக்னசைட் கொங்கு மண்ணிலேயே கிடக்கிறது. சேலம் ஜங்ஷனுக்கு வடக்கே வெளுத்துத் தெரியும் கரடுகளில் வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல்தான் அது. தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் 1979-ல் தொடங்கப்பட்டதே அந்தக் கல்லுக்காகத்தான். சேலத்துக் கல் பெரும்பாலும் எஃகு உலைகளின் உட்சுவருக்கான செங்கல்லாகப் போகிறது. ஹீட்டருக்குள் போடும் தூளுக்கு இன்னும் கடுமையான பக்குவம் தேவை. மின்வில் உலையில் உருக்கி, உறைந்த பாளத்தை உடைத்து, குறிப்பிட்ட அளவுகளில் சலித்து, இரும்புத் துகள் இல்லாமல் காந்தத்தால் சுத்தம் செய்ய வேண்டும். இரும்பு கலந்துவிட்டால் சூட்டில் மின்கசிவு ஏறும்.

சரி, கம்பியும் தூளும் கையில் இருக்கின்றன. குழாய்க்குள் போட்டு அடைத்தால் போதுமா? மலிவான ஹீட்டர்களில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறார்கள். துளையுள்ள பீங்கான் கட்டைகளுக்குள் ஸ்பிரிங் போலச் சுற்றிய கம்பியை நுழைத்து, சுற்றிலும் தூளைக் கொட்டி, அதிரவிட்டு நிரப்பிவிடுகிறார்கள். மெக்னீசியம் ஆக்சைடு ஒரு துளி இடைவெளிகூட இல்லாத திடப்பொருளாக இருந்தால் ஒரு கன சென்டிமீட்டர் 3.58 கிராம் எடை இருக்கும். வெறுமனே அதிர்த்து நிரப்பிய தூள் அதன் பக்கத்தில்கூட வராது. குறைகிற எடைக்கெல்லாம் உள்ளே காற்று இருக்கிறது. குறைந்த வாட்டில், மிதமான சூட்டில் அது ஓடும். கூடுதல் சூடு கேட்டால் தாங்காது.

1950-களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாட்லோ நிறுவனம் கொண்டுவந்த ஹீட்டர் வகை இந்த இடத்தில் பாதையை மாற்றியது. அதில் கம்பியைக் கட்டையின் உள்ளே நுழைக்காமல், மெக்னீசியம் ஆக்சைடு கட்டையின் வெளிப்புறத்தில் நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். அதனால் கம்பிக்கும் உறைக்கும் இடைப்பட்ட தூரம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதைக் கொஞ்சம் பெரிய குழாயின் நட்டநடுவில் நிறுத்தி, தூளை நிரப்பி, அடிமுனையைத் தட்டுப் போட்டு வெல்டு செய்கிறார்கள். பிறகு குழாயை ஸ்வேஜிங் எந்திரத்தில் விடுகிறார்கள். சுற்றிச் சுழலும் அச்சுகள் குழாயை நாலாபுறமும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை தட்டித் தட்டி ஒடுக்குகின்றன. குழாய் மெலிந்து நீள்கிறது. உள்ளே கட்டை நொறுங்கித் தூளோடு தூளாகிறது. துகளுக்கும் துகளுக்கும் இடையில் இருந்த காற்று ஏறத்தாழ முழுவதும் வெளியேறுகிறது. கம்பியும் தூளும் உறையும் ஒரே கட்டியாக இறுகி நிற்கின்றன. இன்று உலகமெங்கும் தரமான கார்ட்ரிட்ஜ் ஹீட்டர் இந்த வழியில்தான் உருவாகிறது.

தட்டும்போது கம்பி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் தூள் மெலிந்து மின்காப்பு பலவீனமாகும். எதிர்ப்பக்கத்தில் தடித்து வெப்பம் தேங்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால்தான் சுருள் நடுவில் இருக்கிறதா, சுற்றுகளுக்கு இடையே ஒரே அளவு இடைவெளி இருக்கிறதா என்று சொல்ல முடியும். சுற்று எங்காவது நெருங்கியிருந்தால் அங்கே வெப்பம் குவியும், அங்கேதான் முதலில் அறுந்துபோகும். ஓர் இடத்தில் வேண்டுமென்றே நெருக்கிச் சுற்றுவதும் உண்டு. நீளமான சீலிங் தாடையின் இரு ஓரங்களும் காற்றுபட்டு நடுப்பகுதியைவிடச் சீக்கிரம் ஆறும். அதை ஈடுகட்ட ஓரங்களில் நெருக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் சுற்றச் சொல்லி வாங்கினால், தாடை முழுவதும் ஒரே சூட்டில் ஒட்டும். எந்திரம் கட்டுகிறவர்களில் பலர் இப்படிக் கேட்டு வாங்க முடியும் என்பதையே அறியாமல் ரெடிமேட் ஹீட்டரைப் போட்டுவிட்டு, ஓரம் ஒட்டவில்லை என்று மொத்தச் சூட்டையும் ஏற்றுகிறார்கள். நடுவில் பிளாஸ்டிக் கருகுகிறது.

இனி அளவுக் கணக்கு. 12.5 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. நீளமும் உள்ள ஒரு ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் 400 வாட். வோல்டேஜின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் தடை 132 ஓம் வருகிறது, கரண்ட் 1.74 ஆம்பியர். இரு முனைகளிலும் சூடேறாத பகுதியைக் கழித்தால் சூடேறும் நீளம் 85 மி.மீ. அளவில் நிற்கும். அந்தப் பகுதியின் மேற்பரப்பு 33 சதுர சென்டிமீட்டர் சொச்சம். ஆக, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் 12 வாட் வெளியேற வேண்டும். வாட் அடர்த்தி என்று சொல்வது இதைத்தான். ஹீட்டரின் ஆயுளைத் தீர்மானிப்பதில் மொத்த வாட்டைவிட இந்த எண்ணுக்குத்தான் பங்கு அதிகம். 40 வாட் மட்டுமே உள்ள அந்த முப்பரிமாண அச்சு எந்திரத்தின் குட்டி ஹீட்டரில்கூடச் சதுர சென்டிமீட்டருக்கு 10 வாட்டுக்கு மேல் வருகிறது. உருவத்தில் சிறியது என்பதால் அதன் பாடு குறைந்துவிடவில்லை.

ஹீட்டருக்குள் இருந்த காற்றைத் தயாரிப்பாளர் பாடுபட்டுத் தட்டி வெளியேற்றிவிட்டார். இனி அது செருகப்படும் துளைக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலான ஹீட்டர்கள் சாகின்றன.

12.5 மி.மீ. டிரில் பிட்டால் துளை போட்டால் துளை 12.5-ல் நிற்பதில்லை. பிட் லேசாக ஆடும், துளை பெருக்கும், சுவரில் வரிவரியாகக் கீறலும் விழும். பிறகு ரீமர் விட்டுத் துல்லியமாக்க வேண்டும். பல பட்டறைகளில் அந்த ஒரு வேலையை மிச்சம் பிடிக்கிறார்கள். ஹீட்டர் சுலபமாக உள்ளே போனால் நல்லதுதானே என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தச் சுலபத்துக்கு என்ன விலை என்று பார்ப்போம். ஹீட்டரைச் சுற்றி 0.05 மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதாவது தலைமுடியின் தடிமன் அளவுக்கு, சூடான காற்று கடத்தும் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், 12 வாட் அடர்த்தியை அந்த இடைவெளி வழியே தள்ளுவதற்கு ஹீட்டரின் உறை இரும்பைவிடச் சுமார் 130 டிகிரி கூடுதல் சூடாக இருக்க வேண்டும். இடைவெளி 0.25 மி.மீ. ஆனால் அந்த வித்தியாசம் 600 டிகிரியைத் தாண்டிவிடும். நடைமுறையில் கதிர்வீச்சும், உறை எங்காவது ஒரு பக்கம் சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பதும் இதைக் கொஞ்சம் குறைக்கும். ஆனாலும் இரும்பு 250 டிகிரியில் அமைதியாக இருக்க, உள்ளே ஹீட்டர் சிவந்துகொண்டிருக்கலாம். வெளியே கன்ட்ரோலரின் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

“போட்டு ரெண்டு மாசங்கூட ஆகலீங்க, அதுக்குள்ள போயிருச்சுங்க” என்று ஹீட்டர் கடைக்கு வரும் புகாரில் பாதிக்கும் பதில் அந்தத் துளையில் இருக்கிறது. ஹீட்டரின் ஒரு பாதியைத் தயாரிப்பாளர் செய்கிறார். மறுபாதியைச் செய்கிறவர் டிரில்லிங் மெஷினில் நிற்பவர்தான். மில் ஸ்பிண்டிலையும் பம்பு ஷாஃப்ட்டையும் மைக்ரான் கணக்கில் கடைந்தெடுக்கும் ஊரில் ஹீட்டர் துளைக்கு மட்டும் அந்த மரியாதை கிடைக்காமல் போவது வருத்தமான விஷயம்.

இறுக்கமாகப் போட்டால் இன்னொரு தொல்லை வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை சாதாரண இரும்பைவிட அதிகமாக விரியும். சூட்டில் அது துளையின் சுவரில் போய் நெருக்கமாக உட்காரும். வெப்பம் இறங்குவதற்கு அது நல்லதே. ஆனால் மாதக்கணக்கில் அப்படி இருந்து, ஆக்சைடு படிந்து பிடித்துக்கொண்டால் வெளியே எடுக்க முடியாது. ஒரு முனை மூடிய துளையில் மாட்டிக்கொண்ட ஹீட்டரை டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டிவரும், அதோடு துளையும் கெட்டுப்போகும். வடிவமைக்கும்போதே துளையை மறுபக்கம்வரை விட்டுவிட்டால் பின்னாலிருந்து கம்பி கொடுத்துத் தட்டி எடுத்துவிடலாம். செலவே இல்லாத ஏற்பாடு இது.

அடுத்த எதிரி வோல்டேஜ். வாட் என்பது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வெளிநாட்டு எந்திரத்தோடு வரும் ஹீட்டரில் 220 வோல்ட் என்று பொறித்திருக்கும். லைனில் 240 வோல்ட் வந்தால் கூடுவது ஒன்பது சதவீதம்தானே என்று தோன்றும். வாட்டோ 19 சதவீதம் கூடிவிடும். 400 வாட் ஹீட்டர் 476 வாட் ஆகும். 12-ஆக இருந்த வாட் அடர்த்தி 14-ஐத் தாண்டும். துளையும் தளர்வாக இருந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும். லைனில் எவ்வளவு வருகிறது என்பதை ஹீட்டர் வாங்கும் முன் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. இரவு ஷிப்டிலும் ஒரு முறை பார்க்க வேண்டும், லோடு குறையும் நேரத்தில் வோல்டேஜ் ஏறும்.

சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் ஹீட்டரிலிருந்து விலகி வெகுதூரத்தில் இருந்தால், இரும்பு முழுவதும் சூடேறிச் செய்தி வந்து சேர்வதற்குள் ஹீட்டர் எல்லை தாண்டிவிடும். அதைவிட மோசம், தெர்மோகப்பிள் தன் துளையிலிருந்து நழுவி வெளியே தொங்குவது. அப்போது அது அறையின் சூட்டைத்தான் சொல்லும். இரும்பு இன்னும் ஆறியே கிடக்கிறது என்று கன்ட்ரோலர் நினைத்து முழு மின்சாரத்தையும் விட்டுக்கொண்டிருக்கும். நல்ல கன்ட்ரோலர்களில் இதற்கென ஒரு காவல் உண்டு: மின்சாரம் போகிறது, சூடு ஏறவில்லை என்றால் தானாக நிறுத்திவிடும்.

1970 ஏப்ரலில் நிலவை நோக்கிப் போன அப்போலோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்ததன் பின்னணியிலும் ஒரு ஹீட்டரின் காவல் ஏற்பாடுதான் இருந்தது. தொட்டிக்குள் இருந்த ஹீட்டரின் தெர்மோஸ்டாட் சுவிட்சுகள் 28 வோல்ட்டுக்கு ஆனவை. ஏவுதளத்தில் கொடுத்ததோ 65 வோல்ட். தரையில் தொட்டியைக் காலி செய்வதற்காக ஹீட்டரை எட்டு மணி நேரம் ஓடவிட்டார்கள். சூடு ஏறி சுவிட்ச் திறக்க முயன்றபோது அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. ஹீட்டர் நிற்கவே இல்லை. தொட்டியின் சூட்டைக் காட்டும் மானியோ சுமார் 27 டிகிரிக்கு மேல் காட்டாத வகை. அதனால் உள்ளே பல நூறு டிகிரி ஏறியது யாருக்கும் தெரியவில்லை. ஒயர்களின் டெஃப்லான் காப்பு கருகியது. விண்வெளியில் அந்த ஒயரில் எழுந்த பொறிதான் தொட்டியை வெடிக்க வைத்தது. ஹீட்டர் அதன் வேலையைச் சரியாகவே செய்தது. அதை நிறுத்த வேண்டியதும், அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியதும்தான் தவறின.

கம்பி பெரிதாகச் சூடேறுவதும் ஆறுவதுமாக இருப்பதும் ஆயுளைத் தின்னும். பழைய கான்டாக்டரால் ஓடும் எந்திரத்தில் ஹீட்டர் நெடுநேரம் எரிந்து நெடுநேரம் ஆறும். ஒவ்வொரு தடவையும் கம்பி நீண்டு சுருங்க, அதன் மேலிருக்கும் காப்புப் படலம் விரிசல் விடும், திரும்பப் படியும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குரோமியம் செலவாகும். சாலிட் ஸ்டேட் ரிலேயும் பி.ஐ.டி. கன்ட்ரோலரும் சேர்ந்தால் ஒரு நொடிக்குள்ளேயே ஏற்றி அணைத்துச் சீராகக் கொடுக்க முடியும். கம்பியின் சூடு பெரிதாக ஏறி இறங்காது.

கொங்கு நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மெக்னீசியம் ஆக்சைடு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு வருகிறது. ஐப்பசியில் வடகிழக்கு மழை. தீபாவளிக்கு ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பி வரும்வரை எந்திரங்கள் பல நாள் ஆறிக் கிடக்கும். திரும்ப ஸ்விட்ச் போட்டதும் எர்த் லீக்கேஜ் டிரிப் ஆகும். ஹீட்டர் போய்விட்டது என்று கழற்றி எறிந்துவிட வேண்டாம். 500 வோல்ட் மெக்கர் வைத்து மின்காப்பைப் பார்த்து, குறைவாக இருந்தால் கழற்றி, 120 டிகிரி அளவில் ஓர் ஓவனில் சில மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் பழையபடி தேறிவிடும். கன்ட்ரோலரில் சாஃப்ட் ஸ்டார்ட் வசதி இருந்தால் முதலில் குறைந்த மின்சாரத்தில் ஓடவிட்டு ஈரத்தை விரட்டலாம்.

ஒயர் வெளிவரும் முனை இன்னொரு பலவீனமான இடம். மசாலாத் தூளோ எண்ணெயோ அங்கே இறங்கினால் சூட்டில் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும், இரு முனைகளுக்கும் நடுவே பாலம் கட்டும். பேக்கிங் எந்திரத்தில் தாடை ஓடிக்கொண்டே இருப்பதால் ஒயரும் வளைந்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 60 பாக்கெட் என்றால் எட்டு மணி ஷிப்டில் 28,800 தடவை. கண்ணாடி நூல் காப்புள்ள சாதாரண ஒயர் ஹீட்டரை ஒட்டிய இடத்தில் முறிந்துவிடும். உள்ளே கம்பி நன்றாகவே இருக்கும். அங்கே ஒயரை உள்ளேயே வைத்து ஸ்வேஜ் செய்த ஹீட்டரும், மேலே எஃகு வலையும், வளைவு விழும் இடத்தை ஹீட்டரிலிருந்து தள்ளிவைக்கும் ஒரு கிளிப்பும் வேண்டும்.

தூள் நிரப்பிய உறை ஹீட்டர்களுக்கென்று ஐ.எஸ். 4159 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. தயாரிப்பாளர் அனுப்பும் சான்றிதழில் ஆறிய நிலைத் தடை, மின்காப்பு, உயர் வோல்டேஜ் சோதனை மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். ஆறிய நிலைத் தடையை எந்திரத்தின் பதிவேட்டில் குறித்து வைத்தால் பின்னால் உதவும். ஒவ்வொரு சர்வீஸிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, தடை ஏறிக்கொண்டே வந்தால் கம்பி மெலிகிறது என்று அர்த்தம். ஷிப்டின் நடுவில் நிற்பதற்கு முன்பே மாற்றிவிடலாம்.

செத்த ஹீட்டரைப் பழைய இரும்போடு எறிவதுதான் வழக்கம். ஆனால் அது ஏன் செத்தது என்பது அதன் மேலேயே எழுதியிருக்கும். உறையில் ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் கருநீலமாகக் கருத்திருந்தால் துளை பெரிது, ஒரு பக்கம் மட்டும் சுவரைத் தொட்டிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் வளையமாகக் கருத்திருந்தால் அங்கே துளையில் பள்ளமோ குறுக்கே வெட்டிச் செல்லும் வேறொரு துளையோ இருக்கிறது. ஒயர் முனை மட்டும் கரியாக இருந்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது. நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, கம்பி நடுவில் மணிமணியாக உருகியிருந்தால் சூடு மீறியிருக்கிறது. நிறம் சீராக இருக்க, கம்பி ஓரிடத்தில் மெலிந்து அறுந்திருந்தால் அது தன் ஆயுளை வாழ்ந்து முடித்த ஹீட்டர். கோவையில் ஹீட்டர் செய்கிறவரும் அதை ஓட்டுகிறவரும் பெரும்பாலும் ஒரு டவுன் பஸ் தூரத்தில்தான் இருக்கிறார்கள். அடுத்த ஹீட்டருக்கு ஆர்டர் கொடுக்கப் போகும்போது பழைய குச்சியையும், போர் கேஜ் விட்டு அளந்த துளையின் அளவையும், லைன் வோல்டேஜையும், தாடை நிமிடத்துக்கு எத்தனை தடவை ஓடுகிறது என்பதையும் சேர்த்துக் கொண்டுபோனால், புதியதை எந்த அளவில், எந்தச் சுற்றில், எந்த ஒயரில் செய்ய வேண்டும் என்று பெஞ்சிலேயே முடிவு செய்துவிடலாம்.